டேப்பின் மறுமுனை

டேப்பின் நுனியைப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் சண்முகசுந்தரி அளக்கவே ஆரம்பிப்பார். “அண்ணாச்சி, ஒங்க செவத்துல வச்சுப் பிடிக்காதிய. ஒங்க எல்லை எங்கன முடியுதோ, அங்கன பிடிங்க.” மனைக்குச் சொந்தக்காரர், “நான் பிடிக்கேனே மேடம்” என்று ஓடிவந்தால் ஒரு முறைப்பு கிடைக்கும். “நீங்க பிடிச்சா ஒங்க ஆச இருக்க வரைக்கும் நீளும். அங்கிட்டு நில்லுங்க.” பக்கத்து வீட்டுக்காரரோ, பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவராக இருந்தாலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குனிந்து, நுனியைத் தரையில் அழுத்திப் பிடிப்பார். அளவைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பக்கத்திலேயே பிடித்தவர் பெயரையும் சுந்தரி எழுதிவைப்பார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் மாடியில் அவருடைய அலுவலகம். அவருக்கு வயது நாற்பத்தாறு. வீடு கட்ட அனுமதி கேட்டு நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் போகிற வரைபடங்களில் கையெழுத்துப் போடும் உரிமை பெற்ற இன்ஜினியர். காட்டன் சேலை, காலில் பையன்கள் பள்ளிக்குப் போட்டுப்போகும் கறுப்பு கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை. அதற்குள் டேப், சுண்ணாம்புப் பொடி, முத்திரை, எந்த மாதமானாலும் ஒரு குடை. பெரிய தாளில் பிளான் அச்சடிக்க என் கடைக்குத்தான் வருவார். கோடு ஒரு மயிரிழை மங்கினாலும் தாளைத் திருப்பித் தந்துவிடுவார் என்பதால் அவர் படியிறங்கும் சத்தம் கேட்டாலே என் மெஷினுக்கு நடுக்கம் வரும், எனக்கும்தான்.

இப்போதெல்லாம் அவரிடம் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வரைந்து முடித்த பிளானோடு வருகிறார்கள். துபாயிலிருந்து மருமகன் அனுப்பியது, இன்டர்நெட்டில் காசு கட்டி வாங்கியது, செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பத்திரிகையில் வந்தது. “எல்லாம் ரெடி மேடம். ஒரு கையெழுத்துதான்” என்பார்கள். சுந்தரி அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “நல்லாத்தான் வரஞ்சிருக்கான். ஆனா அவன் ஒங்க மனையப் பாத்தானா?” என்று கேட்பார்.

சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த பிளானில், ஹால் சுவரில் குளிர்காயும் அடுப்பு ஒன்று இருந்தது. டிவி வைக்கும் மாடம் என்றே அவர் நினைத்திருந்தார். “எந்தப் பனி பெய்யுத ஊருக்கோ போட்டது. இதுல வெறகு எரிச்சா ஒங்க டிவி வெந்துபோகும்” என்றார் சுந்தரி. இன்னொரு பிளானில் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு ஒரே வார்த்தைதான்: “ஆடி மாசம் சாரல் நேரா ஒங்க கட்டில்ல வந்து படுத்துக்கிடும்.” வந்தவர் எழுந்துபோய்விடுவார் என்று நான் நினைப்பேன். மறுநாள் அவரே பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்து மாடி ஏறுவார்.

பெண்சாதி வருவது முக்கியம். ஏனென்றால் சுந்தரி பிளானை மனையில் முழு அளவில் சுண்ணாம்புப் பொடியால் வரைந்துவிடுவார். இது ஹால், இது அடுக்களை, இது வாசற்படி. பிறகு வீட்டுக்காரம்மாவை அந்தக் கோடுகளுக்குள் விட்டு, “இங்கன அடுப்பு. சோறு வடி பாப்போம்” என்பார். அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே இல்லாத பானையைத் தூக்குவாள், இல்லாத தொட்டியைத் தேடித் திரும்புவாள், முழங்கை சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிவிடும். “பாத்தியளா, கை செவத்துல இடிக்கி. பேப்பர்ல இது தெரியாது.” தெருவே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். எல்லாம் சரியான பிறகு, தன் ஸ்கூட்டி சீட்டின் மேல் தாளை விரித்து அங்கேயே கையெழுத்துப் போடுவார். மேசையில் வைத்து அவர் கையெழுத்திட்டு நான் பார்த்ததில்லை.

என் வீட்டு பிளானுக்கே என்னை மூன்று முறை அலையவிட்டவர் அவர். கீழே கடை வைத்திருப்பவன், தினமும் முகம் பார்ப்பவன் என்றெல்லாம் ஒரு சலுகையும் கிடையாது. அப்போது கோபத்தில், “உங்க கையெழுத்து என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு?” என்று கேட்டுவிட்டேன். “இருவது வருசமாச்சு அண்ணாச்சி. நான் போட்டு அனுப்புன பிளான் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. தங்கத்த அடகு வைக்கலாம். இத வைக்க முடியாதுல்லா” என்றார். இந்த ‘ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல’ என்பதை வாரத்துக்கு இரண்டு முறையாவது அவர் வாயிலிருந்து கேட்கலாம். கொஞ்சம் அகம்பாவம்தான். ஆனால் அந்த அகம்பாவத்தில் எங்கள் சாலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பங்கு இருந்தது. வெளியூர் ஆட்கள் வழி கேட்டால், “கையெழுத்துப் போடாத மேடமா? மாடிக்குப் போங்க” என்று நானே சற்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

இந்தச் சித்திரையில் சிவனணைந்தபெருமாள் வந்தார். வடகரைக்காரர், ராணுவத்தில் ஹவில்தார், இரண்டு மாத லீவு. கையில் லேமினேட் செய்த பிளான். எல்லையில் எங்கோ ஒரு முகாமில் உட்கார்ந்து, ஆறு மாதம் போனில் தேடி, தானே வாங்கியது. முப்பதுக்கு ஐம்பது மனை, தெற்கு வாசல், எட்டு பேர் உட்காரும் மேசையோடு தனியாக ஒரு சாப்பாட்டு அறை. அந்த அறையின் படத்தை என்னிடமும் காட்டினார். மனைவி உமாராணிக்கு அவள் அப்பா எழுதிக்கொடுத்த மனை. அவளும் கூட வந்திருந்தாள், அதிகம் பேசவில்லை.

“மேடம், நான் வெளிப்படையா சொல்லுதேன்” என்றார் சிவனணைந்தபெருமாள். “புள்ள பொறந்தப்ப நான் இல்ல. எங்கப்பா போனப்பவும் இல்ல, எடுத்த பொறவுதான் வந்து சேந்தேன். வானம் தோண்டும்போதாவது நான் நிக்கணும். மொத மம்பட்டி என் கையால விழணும்.” அஸ்திவாரத்துக்கு முதலில் மண் வெட்டுவதைத்தான் வானம் தோண்டுவது என்போம். வைகாசி இருபத்தொன்று வாஸ்து நாள். அதற்குள் அனுமதி வந்தாக வேண்டும். அடுத்த பத்தாம் நாள் அவருக்கு ரயில்.

சுந்தரி மறுநாளே வடகரைக்குப் போனார். அவர் பிறந்ததும் அதே ஊர், இரண்டு தெரு தள்ளி. மனைக்குக் கிழக்கே தேங்காய் வியாபாரம் செய்யும் காஜாவின் பழைய ஓட்டு வீடு. காஜா, மகளின் பிரசவத்துக்காகக் கொல்லத்துக்குப் போயிருந்தார். வர இரண்டு வாரமாகும் என்றார்கள். இரு வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்குத் தேங்காய்க் கதம்பை, உரித்துப் போட்ட மட்டை, குவிந்து கிடந்தது. பத்திரத்தில் ‘காஜா வகையறா வீட்டுக்கு மேற்கு’ என்று ஒரே வரி. “தெரிஞ்ச மனைதானே. நான் ஓடி வெளையாண்ட எடம்” என்று சுந்தரி நினைத்தாராம். பின்னால் அவரே என்னிடம் சொன்னது இது. இருபது வருடத்தில் முதல் தடவையாக, டேப்பின் மறுமுனையை மனைக்காரர் கையிலேயே கொடுத்தார். சிவனணைந்தபெருமாள் கதம்பைக் குவியலின் மேல் ஏறி, காஜா வீட்டுச் சுவரில் வைத்துப் பிடித்தார். முப்பது அடி கச்சிதமாக வந்தது.

பிளானில் மற்ற மாற்றங்களையெல்லாம் வழக்கம்போலச் செய்தார். மேற்கு ஜன்னல்களைச் சிறிதாக்கினார், மாடிப்படியைத் திருப்பினார், கிழக்கே சட்டப்படி விட வேண்டிய காலியிடத்தை விட்டார். நான் அச்சடித்தேன். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. சிவனணைந்தபெருமாள் என் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தந்தார்.

வாஸ்து நாளன்று எனக்கும் அழைப்பு. சர்க்கரைப் பொங்கல் உண்டு என்றதால் விடியற்காலையிலேயே வடகரை போய்விட்டேன். அந்த வருடத்தின் முதல் சாரல் அன்றைக்குத்தான் இறங்கியது. மலை முழுவதும் மேகம். வெயிலும் தூறலும் மாறி மாறி. ‘நல்ல சகுனம்’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கதம்பையையெல்லாம் அள்ளிச் சுத்தம் செய்திருந்தார்கள். ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், கொத்தனார் நூல் கட்டி முடித்துவிட்டார். தாம்பாளத்தில் தேங்காய், பழம். சிவனணைந்தபெருமாள் புது வேட்டியில், மஞ்சள் பூசிய மண்வெட்டியோடு நின்றார். கொல்லத்திலிருந்து திரும்பியிருந்த காஜாவும் வந்து ஓரமாக நின்றார்.

சுந்தரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காஜா வீட்டு ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்தில் ஒரே வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். சுற்றியிருந்த மண்ணெல்லாம் அடித்துக்கொண்டு போய், பொடிக்கல் மட்டும் மேலே தெரிந்தது. ஒரு நாளில் விழுந்த குழி அல்ல. பல வருடச் சாரல் விழுந்த குழி. அந்த வரிசை சிவனணைந்தபெருமாளின் எல்லைக்கு உள்ளே, ஒன்றரை அடியில் ஓடியது.

“கொஞ்சம் நிறுத்துங்க” என்றார். பிறகு காஜாவிடம் போனார். “காஜா அண்ணே, ஒங்க கூரைத் தண்ணி அடுத்தவன் மனையில விழுமா?”

காஜா சங்கடத்தோடு சிரித்தார். “அது முடுக்குல்லா சுந்தரி. பொது முடுக்கு. நம்ம எல்லாம் அது வழியாத்தானே கொளத்துக்குப் போவோம், மறந்துட்டியா? நான்தான் கதம்பையப் போட்டு அடைச்சு வச்சிருந்தேன். நல்ல காரியத்துல எதுக்குப் பேசணும்னு இருந்தேன்.”

வீடுகளுக்கு நடுவே நடக்க விடும் சந்தைத்தான் முடுக்கு என்போம். வீட்டுக்குள் போய் அவர் எடுத்துவந்த பழைய பத்திரத்தில், ‘இரு வீட்டாருக்கும் பொதுவில் மூன்றடி தென்வடல் முடுக்கு’ என்று தெளிவாக இருந்தது. உமாராணியின் அப்பா பெட்டியிலிருந்த தாய்ப்பத்திரத்தையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். அதிலும் அதே வாசகம். மகளுக்கு எழுதிக்கொடுத்தபோது அந்த வரி விட்டுப்போயிருக்கிறது. மனை முப்பது அடி இல்லை, இருபத்தேழு. வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தை, ஊரார் நடக்கும் பாதையில் விட்டுப் பிளான் போட்டாகிவிட்டது.

“இப்ப என்ன மேடம், சுவரா வச்சுட்டேன்?” என்றார் சிவனணைந்தபெருமாள். “காலி இடந்தானே விட்டிருக்கு. அவிய பாட்டுக்கு நடந்துக்கிடட்டும். நான் ஒரு வார்த்த சொல்லப்போறதில்ல.” காஜாகூடத் தலையாட்டினார். கொத்தனார் இன்னொரு வழி சொன்னார்: “மூணடி தள்ளி மேக்க நூலக் கட்டி இன்னைக்குத் தோண்டிருவோம். பேப்பர அப்புறமா மாத்திக்கிடலாம். எல்லாரும் அப்பிடித்தானே செய்யுதான்?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. நல்ல நேரம் இன்னும் இருபது நிமிடம்தான். புது வேட்டியில் ஒரு மனிதர் மண்வெட்டியோடு நிற்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ‘சரி’ சொன்னால் என்ன என்று தோன்றியது.

சுந்தரி சொல்லவில்லை. “மூணடி போனா ரூமெல்லாம் மாறும். தூண் மாறும். எந்த ரூமு போகுதுன்னே இன்னும் தெரியாது, எங்கன தோண்டுவிய? பேப்பர்ல இல்லாத வீட்டுக்கு ஒரு கொத்து மண்ணு வெட்டக் கூடாது தம்பி.”

“பத்து நாள்ல நான் போயிருவேன் மேடம்!” என்றார் சிவனணைந்தபெருமாள்.

அப்போதுதான் உமாராணி வாயைத் திறந்தாள். “நீங்க போயிருவிய. இன்னைக்கு நடக்கவும் விடுவிய. பேப்பர்ல நம்ம எடம்னு இருந்தா நாளைக்கு நம்ம புள்ள அங்கன சுவரு வைக்கும். தெனமும் காஜா அண்ணன் மூஞ்சியில முழிக்கப்போறது நாந்தானே?” சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாக வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

சுந்தரி ஸ்கூட்டி சீட்டில் பிளானை விரித்தார். தன் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். பக்கத்தில், ‘கிழக்கு அளவு தவறு. அளந்தவள் நான். தவறு என்னுடையது’ என்று எழுதித் தேதி போட்டார். தூறல் பட்டு மை லேசாகப் பரவியது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “தம்பி, ஒங்க நாள நான் கெடுத்துட்டேன். மறுமுனைய ஒங்க கையில குடுத்தது என் தப்பு. திருத்துத செலவு முச்சூடும் என்னோடது” என்றார். அந்தத் தெருவில் அவரைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். யாரையும் பார்க்க அவர் தயங்கவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன்: ‘ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல’ என்று அவர் சொன்ன இருபது வருடத்தைவிட அந்த ஒரு நிமிடம்தான் எனக்குப் பெருமையாக இருந்தது. சர்க்கரைப் பொங்கல் மட்டும் யாருக்கும் இறங்கவில்லை.

மறுநாள் மீண்டும் சுண்ணாம்புப் பொடி. இந்த முறை காஜாவே வந்து டேப்பைப் பிடித்தார். மூன்றடியை எங்கே குறைப்பது? எல்லோரும் அடுக்களையைத்தான் காட்டினார்கள். சுந்தரி உமாராணியைக் கோடுகளுக்குள் நடக்கவிட்டார். அவள் அடுக்களையில் சுற்றினாள், ஹாலில் நின்றாள், சாப்பாட்டு அறைக்கு வந்தாள். “நம்ம எல்லாரும் அடுக்களையில தரையில உக்காந்துதானே திங்கோம்?” என்றாள். சிவனணைந்தபெருமாள் எட்டு பேர் மேசைக்கு விட்டிருந்த இடத்துக்குள் வந்து நின்றார். பிறகு அவரே வலது காலால் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தார்.

புது பிளான் போனது. ஆனால் பத்து நாளில் அனுமதி வரவில்லை. சிவனணைந்தபெருமாள் ரயிலேறும்போது சுந்தரி ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்து மாடி ஏறாமல் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். “கோவமே படல அண்ணாச்சி. பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

ஆனி கடைசியில் அனுமதி வந்தது. ஆடி பதினொன்று அடுத்த வாஸ்து நாள். ஆடியில் யாராவது வீட்டு வேலை தொடங்குவார்களா என்று தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள், உமாராணி கேட்டுக்கொள்ளவில்லை. சாரல் வலுத்துப் பெய்தது. சுந்தரிக்கு அன்றைக்குப் பண்பொழியில் வேறு ஒரு மனை அளக்க இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு முந்தி வந்து நின்றார். உமாராணியின் போனை அவரே வாங்கிக்கொண்டார். திரையில் சிவனணைந்தபெருமாள், பின்னால் முகாமின் தகரக் கூரை. குடையைப் போனுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி, ஒரு மணி நேரம் கை இறக்காமல் நின்றார் சுந்தரி. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தார். நூல் கட்டியது, சூடம் காட்டியது, உமாராணி மண்வெட்டியை ஓங்கிப் போட்டது, ஈர மண் புரண்டது, முடுக்கு வழியாகக் காஜா வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்தது, எல்லாவற்றையும் அந்தப் பக்கம் ஒரு மனிதர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடியும்போது திரையில் நாலைந்து தலைகள் கூடிவிட்டன. கூட இருக்கும் சிப்பாய்கள். சிவனணைந்தபெருமாள் அவர்களிடம் ஹிந்தியில் ஏதோ சொன்னார். அதில் ‘இன்ஜினியர்’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. “மேடம், ஒங்க மூஞ்சியக் காட்டுங்க. என் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவுகளப் பாக்கணுமாம் இவனுவளுக்கு.”

சுந்தரி முந்தானையால் கேமராவில் விழுந்திருந்த சாரல் துளியைத் துடைத்தார். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பாமல் தாழ்த்தி, நூல் கட்டியிருந்த ஈசான மூலைக் குச்சியின் அருகே கொண்டுபோய், அசையாமல் பிடித்தார்.